இரண்டாயிரம் வெள்ளியில் ஒரு கேமிங் கணினி

காலை நிகழ்ச்சி செய்யும் அறிவிப்பாளருக்கு விடியற்காலை 5 மணிக்குக் கைப்பேசி அதிர்ந்தால் வயிற்றைப் பிசையும். அந்த நேரத்தில் யாரும் நல்ல செய்தி அனுப்புவதில்லை. அன்று அனுப்பியது அக்கா. இரவு ஷிப்ட் முடியும் நேரம். ஒரு விளம்பரப் படம், அதன் கீழே ஒரே ஒரு வரி: "இதை வாங்கலாமா? பார்த்துச் சொல்."

படத்தில் பக்கவாட்டில் கண்ணாடி வைத்த ஒரு கணினிப் பெட்டி. உள்ளே ஆறு விசிறிகள், ஆறும் வானவில் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. மேலே கொட்டை எழுத்தில், "கேமிங் பிசி முழு செட். ஐ7. 16 ஜிபி ரேம். 8 ஜிபி கிராஃபிக்ஸ். 2,199 வெள்ளி. மவுஸ், கீபோர்டு இலவசம்."

அக்கா கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் மகன் பொலிடெக்னிக்கில் அனிமேஷன் டிப்ளோமா சேர்ந்திருக்கிறான். கணினி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டபோது "படிப்புக்கு" என்றான். என்னிடம் கேட்டபோது "கேமுக்கும்தான் சித்தி" என்றான். இரண்டும் உண்மை. ஓவர்டைம் பார்த்து அக்கா சேர்த்து வைத்திருந்தது 2,000 வெள்ளி. மீதி 199க்கு என்ன செய்வது என்பது மட்டும்தான் அவருடைய கேள்வி. எனக்கோ முதல் 2,000 பற்றித்தான் கவலை.

அந்த விளம்பரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இதே மாதிரி படம் உங்கள் குடும்பக் குழுவிலும் ஒருநாள் வரும்.

"ஐ7" என்று மட்டும் போட்டிருந்தது. எந்த ஐ7? இண்டல் ஐ7-2600 வந்தது 2011இல். ஐ7-14700கே வந்தது 2023இல். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டு இடைவெளி, பெயர் மட்டும் ஒன்று. 2005இல் வெளிவந்த முதல் மைவியும் மைவிதான், இப்போது ஷோரூமில் நிற்பதும் மைவிதான். ஆண்டு கேட்காமல் யாராவது மைவி வாங்குவார்களா? கணினி என்றால் மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம். ஐ7 என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்தான் அதன் பிறந்த ஆண்டு.

"8 ஜிபி கிராஃபிக்ஸ்" என்பதும் அப்படித்தான். விலை மலிவான செட்களில் பெரும்பாலும் இருப்பது 2017இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 580. அதிலும் இரண்டு வகை உண்டு. அசலில் 2304 கணிப்புக் கூறுகள். "2048 எஸ்பி" என்று பின்னால் சிறியதாக எழுதியிருக்கும் இன்னொரு வகையில் 2048தான். பெட்டி மேல் இரண்டுக்கும் ஒரே 580. மின்சாரம் தரும் பவர் சப்ளை பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்கூட இல்லை. விளக்கு எத்தனை நிறத்தில் எரியும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். "நான்காம் தலைமுறை ஐ7, எல்லா கேமும் ஓடும்" என்று பதில் வந்தது. நான்காம் தலைமுறை என்றால் 2013. அதை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. பையன் விளையாட நினைக்கும் வேலொரண்ட், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் திறக்கவே திறக்காது. 2,199 வெள்ளி கொடுத்து, வாங்கும் அன்றே காலாவதியான ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவதா?

"வேணாம் அக்கா" என்று எழுதினேன். பிறகு, "வீட்டில இருக்கிற கணினி என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அதற்குப் பதில் வர ஒரு நாள் ஆனது.

வீட்டில் இருந்தது அத்தான் 2018 கடைசியில் வாங்கியது. அவர் 2021இல் தவறிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கணினி மேல் ஒரு பூப்போட்ட துணி. தங்கை மகளின் பள்ளிப் பாடத்துக்கு என்று எப்போதாவது துணி விலகும். "அது பழசு, ரொம்ப மெதுவா போகுது, தொட வேணாம்" என்றார் அக்கா. மெதுவாகப் போகிறது என்பதும் தொட வேண்டாம் என்பதும் வேறு வேறு காரணங்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன்.

நான் கணினிப் பெட்டியைத் திறக்கப் பழகியது பல்கலைக்கழகத்தில். ஊடகத் துறையில் படிப்பவர்களுக்கு வீடியோ எடிட்டிங் பாடம் உண்டு, எடிட்டிங் செய்யத் தகுந்த கணினி வாங்கப் பணம் இருக்காது. அறைத் தோழியும் நானும் பழைய பாகங்களைச் சேர்த்து ஒன்று செய்தோம். வானொலிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒலிப்பதிவு அறையில் கற்ற ஒன்று கணினிக்கும் அப்படியே பொருந்தும்: மைக் மோசமாக இருந்தால், ஸ்பீக்கருக்கு எத்தனை ஆயிரம் கொட்டினாலும் குரல் மோசமாகத்தான் கேட்கும். எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் மாற்றக்கூடாது.

அதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அத்தான் கணினியில் அதைத் திறந்ததும் டிஸ்க் 100 விழுக்காடு என்று சிவந்து நின்றது. ரேம் எட்டில் ஏழு நிரம்பியிருந்தது. புரோசெசர் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தது. அதாவது, இது கிழடாகிப்போன கணினி அல்ல. ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டே ஏழு ஆண்டு கழித்த கணினி.

உள்ளே இருந்தவை: ஏஎம்டி ரைசன் 5 1600, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒற்றைத் துண்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், பெயர் தெரியாத 450 வாட் பவர் சப்ளை. மதர்போர்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தானுக்குத் தெரிந்து வாங்கினாரா, கடைக்காரர் தள்ளிவிட்டாரா தெரியாது. ஆனால் நல்ல ஒன்றை வாங்கியிருந்தார்.

ஏன் என்று சொல்கிறேன். புரோசெசர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். இண்டல் ஓரிரு தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிடும், புதுப் புரோசெசர் வேண்டுமென்றால் புது மதர்போர்டும் வாங்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. 2022இல் வெளியான ரைசன் 5 5600உம் அதே சாக்கெட்டில் உட்காரும். மதர்போர்டின் பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்தால் போதும். அத்தான் வாங்கிய மதர்போர்டு அப்படியே இருக்கலாம், பெட்டி இருக்கலாம், விண்டோஸ் உரிமமும் பெரும்பாலும் மதர்போர்டோடு ஒட்டியிருப்பதால் அதற்கும் தனிச் செலவில்லை.

ஆனால் திறப்பதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு சத்தம். டிக், டிக், சற்று நின்று, மறுபடி டிக். காதை வைத்துப் பிழைப்பவள் என்பதால் அது விசிறிச் சத்தம் இல்லை என்று உடனே தெரிந்தது. அப்படிச் சத்தம் போடும் டிஸ்க் இன்னும் ஒரு வருஷமும் ஓடலாம், இன்று மாலையே நின்றும் போகலாம். படங்கள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றில் ஒருமுறை, என் மடிக்கணினியில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் நகலெடுத்தேன். மூன்று மணி நேரம் பிடித்தது.

நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வீடியோவைத் திறந்தேன். 2019 தைப்பூசம், பத்துமலை. அக்காவும் பிள்ளைகளும் படியேறுகிறார்கள். அத்தான் படத்தில் இல்லை, அவர்தானே எடுத்தது. குரல் மட்டும் இருக்கிறது. "மெதுவா, மெதுவா, தங்கச்சி கையைப் பிடி" என்று. எல்லா வீடியோவிலும் அப்படித்தான். சமையலறையில் இருந்த அக்கா கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். வீடியோ முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, திறந்துக்கோங்க. பெட்டியை மட்டும் மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எதை வாங்குவது என்பதில் எனக்கும் பையனுக்கும் ஒரு வாரம் விவாதம். அவனுக்கு கிராஃபிக்ஸ் கார்டுதான் முதலில். எனக்கு எஸ்எஸ்டியும் பவர் சப்ளையும். இந்த இரண்டையும் புதிதாகத்தான் வாங்குவது என்பதில் நான் இறங்கி வரவில்லை. மலிவு பவர் சப்ளை கெட்டால் தான் மட்டும் சாகாது, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். பழைய எஸ்எஸ்டியில் எத்தனை முறை எழுதி அழித்தார்கள் என்பது வெளியே தெரியாது. புரோசெசரும் ரேமும் அப்படி இல்லை, தவறாகக் கையாளாதவரை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அவற்றைப் பயன்படுத்தியதாகவே வாங்கலாம்.

இரண்டு பாகம் வாங்க லோ யாட் போனோம். கிள்ளானிலிருந்து கேடிஎம், கேஎல் சென்ட்ரலில் இறங்கி மோனோரெயில், துன் சம்பந்தன் நிலையம் தாண்டி இம்பியில் இறங்கினால் நடந்துவிடலாம். அந்தக் கட்டடத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும், கடைக்குக் கடை விலைப்பட்டியல் தாள் கொடுப்பார்கள். முதல் கடையில் வாங்காதீர்கள். நான்கு தாள் சேர்ந்த பிறகு ஓர் ஓரமாக நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கடையில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கடைக்கார இளைஞர் பையனைப் பார்த்தே பதில் சொன்னார். பவர் சப்ளையில் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை இருக்கிறதா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டது நான். "பிரதர், இது ஐந்து வருஷம்" என்று அவனுக்குப் பதில். பையன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். ஐந்து வருஷம் நல்ல பதில் என்பதால் அதையே வாங்கினோம். 550 வாட், 215 வெள்ளி. 1 டெராபைட் எஸ்எஸ்டி 310 வெள்ளி.

விலைப்பட்டியல்களில் ரேம் வரிசை மட்டும் பேனாவால் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு நினைவகச் சில்லுகள் போய்க்கொண்டிருப்பதால், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. நம் வீட்டுக் கணினிகளில் பலமுறை பார்த்த குருஷல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒரு ரோபோவிடம் கேள்வி கேட்க, கிள்ளானில் ஒரு தாயின் ஓவர்டைம் பணத்தில் கை வைக்கிறார்கள்.

அதனால் புது ரேம் ஜோடி வாங்கவில்லை. இருந்த துண்டைக் கழற்றி அதன் மேல் எழுதியிருந்த மாதிரி எண்ணைப் படம் எடுத்து, அதே எண்ணில் இன்னொரு 8 ஜிபி துண்டைத் தேடினோம். ஷா ஆலமில் ஒருவர் 90 வெள்ளிக்குக் கொடுத்தார். இரண்டு துண்டாக இருக்கும்போது புரோசெசர் இரண்டு பாதையில் படிக்கும், ஒற்றைத் துண்டைவிட வேகம். இதில் இன்னொரு வேடிக்கை: அந்தப் பழைய துண்டு 3000 வேகத்தில் ஓடக்கூடியது. பயோஸில் எக்ஸ்எம்பி என்ற ஒரு தேர்வை யாரும் தட்டிவிடாததால் 2018 முதல் 2133இலேயே ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கணினியிலும் ஒருமுறை பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் எழுதியிருக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான் அதிக நாள் ஆனது. விளையாட்டுக்கு மட்டும் என்றால் ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 போதும், மின்சாரமும் குறைவு. ஆனால் பையன் படிப்பது பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். அதில் என்விடியா கார்டுகளின் கை ஓங்கியிருக்கிறது. 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 பயன்படுத்தியது தேடினோம். 2021இல் இதை வாங்க முடியாமல் உலகமே அலைந்தது. கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம் அந்த முறையையே கைவிட்டதும் அதே கார்டுகள் சந்தையில் கொட்டின. தோண்டிய கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஓடிக்காட்டாத கார்டுதான் கெட்டது. புச்சோங்கில் ஒருவர் வீட்டுக்கே போய், அவர் கணினியில் ஃபர்மார்க் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு வெப்பநிலை பார்த்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு விசிறிச் சத்தத்தைக் கேட்டேன். அந்த அண்ணன் என்ன நினைத்தாரோ, 800 சொன்னவர் 760க்கு இறங்கினார்.

பொருத்தியது பையன்தான். நான் கைப்பேசி வெளிச்சம் பிடித்ததோடு சரி. இரண்டு இடத்தில் மட்டும் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒன்று, பயோஸைப் பழைய புரோசெசர் உள்ளே இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும், புதியதை மாட்டிய பிறகு திரையே வராமல் போகலாம். அதையும் காலை 9 மணிக்கே செய்தோம். கிள்ளானில் மாலை இடி மழை எப்போது வரும், மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பயோஸ் பாதியில் நின்றால் மதர்போர்டே செங்கல்தான். இன்னொன்று, ஏஎம்4 புரோசெசரைக் கழற்றும் முறை. குளிர்விப்பானை நேராக மேலே இழுத்தால், காய்ந்த பசையோடு புரோசெசரும் பிய்த்துக்கொண்டு வரும், கீழே உள்ள ஊசிகள் வளையும். கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, குளிர்விப்பானை மெல்ல இடமும் வலமுமாகத் திருகி எடுக்க வேண்டும். பையன் அதைச் செய்தபோது மூச்சையே பிடித்துக்கொண்டிருந்தான்.

பயன்படுத்திய ரைசன் 5 5600க்கு 340, வெப்பப் பசைக்கு 20. எல்லாம் சேர்த்து 1,735 வெள்ளி. பழைய புரோசெசரையும் 1050 டிஐ கார்டையும் 280க்கு விற்றோம். அக்காவிடம் 545 வெள்ளி திரும்பியது. திறக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்த கணினி இப்போது பதினைந்து விநாடியில் தயார். பிளெண்டரில் 40 நிமிடம் ஓடிய அவன் பாடவேலை ஒன்று 6 நிமிடத்தில் முடிந்தது. பயோஸில் டிபிஎம் வசதியையும் செக்யூர் பூட்டையும் இயக்கிவிட்டு விண்டோஸ் 11 ஏற்றினோம். வேலொரண்ட் திறந்தது. அன்று இரவு அவன் சாப்பிட வரவில்லை என்று அக்கா என்னைத்தான் திட்டினார்.

வீட்டில் பழைய கணினி எதுவுமே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கார்டு வாங்கும் வரை தாக்குப்பிடிக்க, உள்ளேயே கிராஃபிக்ஸ் வசதி கொண்ட ரைசன் 5 5600ஜி போன்ற புரோசெசரோடு தொடங்குங்கள். வேலொரண்ட், டோட்டா 2 மாதிரி இலகுவான விளையாட்டுகளுக்கு அது போதும். அதில் ரேம் இரண்டு துண்டாக இருப்பது மிக முக்கியம், ஏனென்றால் கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்குபோடும். பவர் சப்ளையை மட்டும் நாளை வரப்போகும் கார்டையும் தாங்கும்படி இன்றே நல்லதாக வாங்கிவிடுங்கள். பெட்டி அழகு, விளக்கு எல்லாம் கடைசி.

டிக் டிக் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டோம். அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை, அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். படங்கள் புது எஸ்எஸ்டியில் ஒரு நகல், என்னிடம் ஒரு நகல். பத்துமலை வீடியோவை மட்டும் பையன் தன் கைப்பேசியிலும் ஏற்றிக்கொண்டான்.

இப்போது வீட்டில் அடுத்த வழக்கு நடக்கிறது. பழைய திரை 60 ஹெர்ட்ஸ், கார்டு அதைவிட வேகமாகப் படம் தள்ளுகிறது, 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கினால்தான் அந்தக் கார்டுக்கே மரியாதை என்பது பையனின் வாதம். மீதி 545 இருக்கிறதே என்று கணக்கும் காட்டுகிறான். செமஸ்டர் முடிவு வரட்டும் என்கிறார் அக்கா. என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். திரைகளின் விலையை விசாரித்து வைத்திருக்கிறேன், யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.